மூடிய அலைவரிசையும் திறந்திருக்கும் நான்கு வழிகளும்

சில மாதங்களாக ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. குடியாத்தத்தில் வெள்ளக்கால மீட்புப் பணிக்காக இளைஞர்களைத் திரட்டி வைத்திருக்கும் ஒருவர் கேட்டார். ராணிப்பேட்டையிலிருந்து நாளிதழுக்குச் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர் கேட்டார். காட்பாடியில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருத்தி தன் கல்லூரித் திட்டப்பணிக்காகக் கேட்டாள். மூவர் கேட்டதும் ஒன்றுதான்: காவல்துறையும் தீயணைப்புத் துறையும் வயர்லெஸில் பேசுவதை நாம் கேட்க முடியுமா? மறைகுறியாக்கம் செய்த, அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி பூட்டிய அலைவரிசையாக இருந்தால், எந்த உரிமம் எடுத்தால், யாரிடம் அனுமதி வாங்கினால் கேட்கலாம்?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது நானும் அதே ஏக்கத்தோடு இருந்தவன். எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. கைப்பேசிகளில் ஒரு குரல் பதிவு சுற்றியது: ஏரி உடைந்துவிட்டதாம், எல்லோரும் ஓடுங்கள் என்று. எந்த ஏரி, எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. அந்த இரவில் காவல்துறையின் வயர்லெஸ் மட்டும் காதில் விழுந்தால் போதும் என்று நினைத்தேன். அதே மாதத்தில்தான் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். தகவல் ஒரு மணி நேரம் முன்னால் கிடைப்பதன் மதிப்பு இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நான் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுவோருக்கான அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்து, விதிகளைப் படித்து, பல ஆண்டுகள் ஆன பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நமக்குத் தேவைப்படுவது அந்த அலைவரிசை அல்ல, அதில் போகும் தகவல். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எந்த வழியில் போவது என்பது எளிதாகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, சட்டம் அனுமதிக்கிறதா என்பது. தகவல் எவ்வளவு சீக்கிரம் கையில் கிடைக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவது செலவு. விலைச்சீட்டில் தெரியாத காலமும் கட்டுப்பாடுகளும் அதில் அடக்கம். நான்காவது, கிடைத்ததைப் பிறரிடம் சொல்லலாமா என்பது. கேட்பது ஒரு குற்றம் என்றால் பரப்புவது தனிக் குற்றமாகலாம். ஐந்தாவதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் பெயர் அடிபடும் மனிதருக்கு என்ன ஆகும்?

## முதலில் சட்டத்தின் நிலை

எல்லா வழிகளுக்கும் இது அடித்தளம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வானொலிப் பெட்டிக்குத் தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980களின் நடுப்பகுதியோடு அது முடிந்தது. ஒலிபரப்பைக் கேட்கும் சாதாரண வானொலிக்கு மட்டும்தான் அந்த விடுதலை. 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம், வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்றது. ஒலிபரப்பும் கருவியா, கேட்க மட்டும் செய்யும் கருவியா என்ற பேதம் அதில் இல்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், இந்த 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின் இடத்திற்கு வரும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இந்தக் கொள்கையை அப்படியே தொடர்கிறது. ரேடியோ கருவியை வைத்திருக்க அங்கீகாரமோ விலக்கோ வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 42ஆவது பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு செய்தியைச் சட்டத்துக்குப் புறம்பாக இடைமறித்துக் கேட்பவருக்கும், தொலைத்தொடர்பு வலையமைப்பில் அனுமதியின்றி நுழைபவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று அது சொல்கிறது. ‘நான் கேட்க மட்டும்தானே செய்தேன், ஒரு வார்த்தை பேசவில்லையே’ என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. கேட்பதே இடைமறிப்பு.

இது இந்தியா தனியாகக் கண்டுபிடித்த கட்டுப்பாடும் அல்ல. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிமுறைகளில் 17ஆவது பிரிவு, பொதுமக்களுக்கென்று அனுப்பப்படாத ரேடியோச் செய்திகளை அனுமதியின்றி இடைமறிப்பதையும் அதன் உள்ளடக்கத்தை வெளியிடுவதையும் தடுக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது.

அப்படியானால் சட்டப்படி இடைமறிக்கவே முடியாதா? முடியும், அரசுக்கு மட்டும். 2024 டிசம்பரில் வந்த சட்டபூர்வ இடைமறிப்பு விதிகளின்படி, மத்திய உள்துறைச் செயலாளரோ மாநில உள்துறைச் செயலாளரோ எழுத்தில் ஆணையிட வேண்டும். ஆணை 60 நாள் வரை செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. ஆணையை ஆராய மறுஆய்வுக் குழு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட அரசு அமைப்புகளுக்கான பாதை இது. தனிமனிதருக்கோ, பத்திரிகைக்கோ, கல்லூரிக்கோ இதில் விண்ணப்பப் படிவமே கிடையாது. நிருபருக்குச் செய்தியாளர் அட்டை இருக்கிறது என்பதும் இங்கே கணக்கில் வராது.

யூடியூபில் அமெரிக்கர்கள் பல அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனர் கருவியை மேசையில் வைத்துக் காவல்துறைப் பேச்சைக் கேட்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் என்னிடம் வருகிறார்கள். அந்த நாட்டின் சட்டம் வேறு. 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம், பொதுமக்களுக்கு எளிதில் எட்டும்படி இருக்கும் காவல்துறை, தீயணைப்புப் பேச்சைக் கேட்பதை அங்கே அனுமதிக்கிறது. மறைகுறியாக்கம் செய்த பேச்சு ‘எளிதில் எட்டுவது’ ஆகாது என்று அதே சட்டம் வரையறுக்கிறது. ஆக, பூட்டை உடைப்பது அங்கேயும் குற்றம்தான். பிரிட்டனில் பூட்டில்லாத காவல்துறை அலைவரிசையைக் கேட்பதே 2006ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டப்படி தவறு. நம் சட்டம் பிரிட்டனின் வழியில் வந்தது. காணொளியை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

## முதல் வழி: கருவி வாங்கிக் கேட்பது

கல்லூரி மாணவர்கள் கையில் இப்போது சாதாரணமாகப் புழங்குவது ஆர்டிஎல்-எஸ்டிஆர் எனப்படும் சிறிய யுஎஸ்பி கருவி. டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகச் செய்த சில்லை வைத்துச் சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் பிடிக்கலாம். விலை சில ஆயிரம் ரூபாய்க்குள். மாணவியின் கேள்வி இதிலிருந்துதான் பிறந்தது: காவல்துறை அலைவரிசையில் ஏதோ இரைகிறது, பேச்சு வரவில்லை, இது மறைகுறியாக்கமா?

அவசியம் இல்லை. பழைய அனலாக் கருவியால் டிஜிட்டல் ரேடியோவைக் கேட்டால் மண் அரைப்பது போன்ற இரைச்சல்தான் வரும். பூட்டே போடாத டிஜிட்டல் பேச்சும் அப்படித்தான் கேட்கும். டெட்ரா, டிஎம்ஆர், பி25 என்று உலகெங்கும் பொதுப் பாதுகாப்புத் துறைகள் பயன்படுத்தும் டிஜிட்டல் முறைகளில் மறைகுறியாக்கம் அதற்கு மேல் போடும் இன்னொரு பூட்டு. உதாரணமாக பி25 முறையில் ஏஇஎஸ்-256 என்ற பூட்டைப் போட்டால், சாவி இல்லாமல் திறப்பதை எந்தக் கணினிக்கும் எட்டாத வேலை என்றே கொள்ளலாம். ஒவ்வொரு வயர்லெஸ் செட்டிலும் அந்தச் சாவியை ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு செட் தொலைந்தால் சாவியை மாற்றுவார்கள்.

‘டெட்ராவை உடைத்துவிட்டார்களே’ என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் டெட்ராவின் டிஇஏ1 என்ற பூட்டில் 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருங்கிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது பாதுகாப்பு ஆய்வு. உற்பத்தியாளர்களுக்கும் அரசுகளுக்கும் முன்கூட்டியே அறிவித்து, சரிசெய்ய அவகாசம் கொடுத்த பிறகே வெளியிட்டார்கள். பூட்டு பலவீனமாக இருப்பது யாருக்கும் உள்ளே போகும் உரிமையைத் தராது. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம், ரகசியக் குறியீட்டையும் கடவுச்சொல்லையும் பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. வயர்லெஸ் சாவியைத் தேடிப் போகிறவர் அந்தச் சட்டத்தின் வாசலில்தான் போய் நிற்பார்.

மறைந்த செலவுகளைச் சொல்கிறேன். கருவிக்கு ஆகும் பணம் இதில் மிகச் சிறியது. கருவி பறிமுதலாகலாம். படித்து முடித்து அரசு வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ போகும் இளைஞருக்கு ஒரு வழக்கு பல ஆண்டு துரத்தும் சுமை. அரைகுறையாகக் கேட்டதைப் பரப்பினால் இன்னும் மோசம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி, பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்புபவருக்கு ஓராண்டு வரை சிறை. வயர்லெஸ் பேச்சு சுருக்கமானது, பாதியில் வெட்டுப்படுவது, பிறகு திருத்தப்படுவது. ‘மதகு திறக்கிறார்கள்’ என்பதற்கும் ‘மதகு திறக்கலாமா என்று கேட்கிறார்கள்’ என்பதற்கும் நடுவில் ஒரு விநாடி இரைச்சல்தான் இருக்கும். 2021இல் எங்கள் தெருவைக் கலங்கடித்த அந்தக் குரல் பதிவும் இப்படி எங்கோ பாதியாகக் கேட்டதிலிருந்து பிறந்திருக்கலாம் என்று நான் இன்றும் சந்தேகப்படுகிறேன்.

ஐந்தாவது அளவுகோலுக்கு வருகிறேன். காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு சிறுமி தனியாக நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறைக்கும் ரோந்து வாகனத்துக்கும் நடுவே அவள் பெயர், ஊர், தந்தை பெயர், அவளுக்கு என்ன நடந்தது என்ற விவரம் எல்லாம் போகும். பாலியல் குற்றத்திலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக்கூடாது என்கிறது. வயர்லெஸில் அதைக் கேட்ட பத்துப் பேரில் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஈடு செய்ய எதுவும் இல்லை. மறைகுறியாக்கம் காவல்துறையின் வசதிக்காக மட்டும் வந்தது என்று நினைத்திருந்தேன். இதை யோசித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

இந்த வழி யாருக்கு ஏற்றது? யாருக்கும் இல்லை. மாணவிக்கு ரேடியோ அலைகளைக் கற்கும் ஆசை உண்மையானது. அதற்கு இரண்டாவது வழி இருக்கிறது.

## இரண்டாவது வழி: அமெச்சூர் வானொலி உரிமம்

இதை நான் நெஞ்சாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அமெச்சூர் வானொலிக்காரர்களை ஹாம் என்பார்கள். அந்த ஹாம் உரிமம் காவல்துறை அலைவரிசையைக் கேட்கும் அனுமதி ஆகாது. மறைகுறியாக்கம் செய்ததையும் கேட்க முடியாது, செய்யாததையும் கேட்கக்கூடாது. தற்செயலாக நமக்கல்லாத செய்தி காதில் விழுந்தாலும் அதன் உள்ளடக்கத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசியக் கடமை உரிமத்தோடு சேர்ந்தே வருகிறது. அதைவிட, ஹாம்கள் தங்கள் பேச்சையே மறைகுறியாக்கக்கூடாது. அமெச்சூர் அலைவரிசையில் போவதெல்லாம் யாரும் கேட்கும்படி திறந்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி.

உரிமம் எப்படிக் கிடைக்கும்? 12 வயது நிறைந்தவர் யாரும் தேர்வு எழுதலாம். ரேடியோ அடிப்படைக் கோட்பாடும் விதிமுறைகளும் பாடம். இரண்டு நிலைகள் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு, புள்ளியும் கோடுமாக ஒலி தட்டிச் செய்தி அனுப்பும் மோர்ஸ் தேவையில்லை. வானொலியில் நம் அடையாளமாகச் சொல்லும் அழைப்புக்குறி வியூ3 எனத் தொடங்கும். பொது நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் எழுதவும் தெரிய வேண்டும். அதன் குறி வியூ2. நம் பகுதிக்காரர்கள் தேர்வுக்குப் போவது சென்னை பெருங்குடியில் இருக்கும் பன்னாட்டுக் கண்காணிப்பு நிலையத்துக்கு. வேலூரிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில். 20 ஆண்டுக்கோ ஆயுள் முழுவதற்குமோ எடுக்கலாம். கட்டணம் பெரிய சுமையல்ல.

சுமை எதுவென்றால் காலம். தேர்வு அறிவிப்புக்குக் காத்திருப்பது, முடிவுக்குக் காத்திருப்பது, உரிமம் கையில் வருவதற்குக் காத்திருப்பது. ஆடியில் முடிவெடுத்து ஐப்பசி மழைக்குக் கருவியோடு நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இன்னொரு கட்டுப்பாடு நிருபருக்கு முக்கியமானது: அமெச்சூர் அலைவரிசையைத் தொழிலுக்கும் செய்தி ஒலிபரப்புக்கும் பயன்படுத்தக்கூடாது. கருவி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மலிவான கைக்கருவிகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்தே வரும். நமக்கு அனுமதி 144 முதல் 146 வரை. மீதி இடத்தில் யாரோ உயிரைக் காப்பாற்றும் வேலையில் இருப்பார்கள். விரல் தவறி அங்கே பேச்சுப் பொத்தானை அழுத்தினால் அவர்கள் பேச்சு அறுந்துபோகும்.

இந்த உரிமம் தருவது என்ன? கேட்பவராக இருந்தவரைப் பேரிடரில் வேலை செய்பவராக மாற்றுகிறது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் வேறொரு நிகழ்ச்சிக்காக வந்திருந்தது. தொலைபேசி செத்துப்போன தீவிலிருந்து, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகள் அவர்கள் கருவி வழியாக வெளியே வந்தன. இயற்கைப் பேரிடரில் அரசு நிர்வாகத்துக்காகச் செய்தி கடத்த அமெச்சூர் விதிகள் இடம் தருகின்றன. அந்த நேரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் தகவல் உங்கள் கை வழியாகவே போகும். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே எழாது.

நம் நிலப்பரப்பும் இதற்கு ஏற்றது. வேலூரைச் சுற்றி மலைகள். இந்தக் கைக்கருவிகள் பயன்படுத்தும் விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவதால் பள்ளத்தில் இருப்பவருக்கு மலை தடை, மேலே ஏறியவருக்கு அதே மலை வரம். ஏலகிரியில் ஏறி நின்றால் ஒரு கைக்கருவி எவ்வளவு தொலைவுக்குப் போகும் என்பதைக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாணவிக்கு இன்னொன்று: பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. திட்டப்பணிக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

## மூன்றாவது வழி: குழுவுக்குச் சொந்தமாக வாக்கி டாக்கி

இது சின்ன விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு 2018ஆம் ஆண்டின் விதிகள் உரிம விலக்கு தருகின்றன. கருவிக்கு வகைச் சான்றிதழ், அதாவது அந்த மாதிரி விதிக்கு உட்பட்டது என்ற அரசுச் சான்று இருக்க வேண்டும். மீட்புக் குழு தன் ஆட்களுக்குள் பேசிக்கொள்ள இது போதும். தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர், கட்டடங்களுக்கு நடுவே அதற்கும் குறைவு. துறைகளின் பேச்சு இதில் வராது.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். நான் ஒருமுறை இணையத்தில் ‘உரிமம் தேவையில்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இரண்டு செட் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் அலைவரிசை எல்லையே வேறு. விற்றவர் திருப்பி எடுக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. இந்தக் கொடுமை நாடு முழுக்க நடந்ததால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, வாக்கி டாக்கி விற்பனைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அலைவரிசையையும் சான்றிதழ் விவரத்தையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

## நான்காவது வழி: துறையிடமே போய்க் கேட்பது

மறைகுறியாக்கம் செய்த அலைவரிசையைக் கேட்க இந்தியாவில் பொதுமக்களுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை என்று சொன்னேன். ஆனால் அந்தத் தகவலை வைத்திருப்பவர்களோடு முறையான உறவு வைத்துக்கொள்ளத் தடையில்லை. இது இரண்டு பேருக்கு இரண்டு விதமாக அமையும்.

மீட்புக் குழுவுக்கு: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். குழுவின் பெயர், ஆட்கள், அவர்களின் பயிற்சி, படகு, கயிறு, வாகனம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு மழைக்காலத்துக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்திலும் வட்டாட்சியரிடமும் தீயணைப்பு நிலையத்திலும் எழுதிக்கொடுங்கள். ஒத்திகைக்கு அழைத்தால் போங்கள். வெள்ளம் வரும்போது கட்டுப்பாட்டு அறை உங்களை அழைக்க வேண்டும், நீங்கள் அதை உளவு பார்க்கும் நிலை கூடாது. மறைந்த செலவு: அதிகாரிகள் மாறுவார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நான்கு தடவை அலைந்து ஐந்தாவது தடவை கையெழுத்து கிடைத்த கதை எனக்கும் உண்டு. அலுப்புத்தான், ஆனாலும் பலன் உண்டு.

நிருபருக்கு: காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் செய்திக் குறிப்பும் மக்கள் தொடர்பு அலுவலரும்தான் முறையான வாசல். தாமதம் ஆகும், துறை தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லும் ஆபத்தும் உண்டு. நிகழ்வுக்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். பதில் வர 30 நாள், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். விசாரணையைப் பாதிக்கும் என்று 8ஆவது பிரிவைக் காட்டி மறுக்கவும் செய்வார்கள். நாளைய நாளிதழுக்கு இது உதவாது, ஆனால் ‘அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது’ என்ற கேள்விக்கு இதைப் போல வலுவான ஆயுதம் இல்லை.

அமெரிக்காவில் இந்த இழுபறிக்கு சில மாநிலங்களும் நகரங்களும் நடுவழி கண்டிருக்கின்றன. கொலராடோ மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது: அலைவரிசை முழுவதையும் மறைகுறியாக்கும் துறை, ஊடகங்களுக்கு எப்படித் தகவல் அணுக்கம் தருவது என்ற கொள்கையை வகுக்க வேண்டும். சிகாகோவில் காவல்துறைப் பேச்சை 30 நிமிடத் தாமதத்தோடு பொதுமக்கள் கேட்க விட்டார்கள். தமிழ்நாட்டில் தீயணைப்பு, வெள்ள மீட்புப் பேச்சுகளுக்காவது, பெயர்களை நீக்கி, தாமதத்தோடு வெளியிடும் ஏற்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குற்றப் புலனாய்வையும் முக்கியப் பிரமுகர் பாதுகாப்பையும் மூடியே வைக்கட்டும். 2008 மும்பைத் தாக்குதலின்போது நேரலைத் தொலைக்காட்சியே தாக்கியவர்களுக்கு உதவியதைக் கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது நினைவிருக்கிறது. ஆனால் ஆற்றில் வரும் தண்ணீருக்கு ரகசியம் எதற்கு?

## ஐந்தாவது வழி: பொது எச்சரிக்கைகளை ஒழுங்காகப் பின்தொடர்வது

கேட்பவர்களுக்கு இது சப்பென்று தோன்றும். ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு இதுதான் முதல் தேர்வு.

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்செத் செயலி இருக்கும் இடத்துக்கு ஏற்ப எச்சரிக்கை தருகிறது. தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலி 2024இல் வந்தது. 2023இல் எல்லோர் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறிச் சோதனைச் செய்தி காட்டியது நினைவிருக்கும். ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே வீச்சில் செய்தி அனுப்பும் முறை அது.

நம் பகுதிக்கு இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். குடியாத்தத்துக்காரர் கவுண்டன்ய ஆற்றில் இருக்கும் மோர்தானா அணையின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பொன்னை ஆற்றங்கரைக்காரருக்கு ஆபத்து ஆந்திரத்திலிருந்து வருகிறது. சித்தூர் மாவட்டத்துக் கலவகுண்டா அணை நிரம்பித் திறந்தால் தண்ணீர் நேராகப் பொன்னையில்தான் இறங்கும். அணை திறப்புக்கு முன் மாவட்ட நிர்வாகம் விடும் எச்சரிக்கை, வயர்லெஸில் போகும் அதே தகவல், சரிபார்த்த வடிவத்தில்.

பலவீனம் எங்கே? மின்சாரம் போய் கோபுரம் நின்றால் செயலியும் நின்றுவிடும். அதனால் பேட்டரியில் ஓடும் ஒரு வானொலிப் பெட்டி வீட்டில் இருக்கட்டும். உரிமம் வேண்டாத, யாரும் தட்டிக்கேட்க முடியாத ரிசீவர் அதுதான். இன்னொரு குறை: எச்சரிக்கை மாவட்ட அளவில் வரும், உங்கள் தெருவுக்கென்று வராது. அதை ஊர்க்காரர்கள்தான் நிரப்ப வேண்டும், வாக்கி டாக்கியோ ஹாம் கருவியோ வைத்து.

## ஒரே பார்வையில்

| வழி | சட்டம் | தகவல் வேகம் | செலவும் மறைந்த செலவும் | வெளியே சொல்லலாமா |
|---|---|---|---|---|
| ரிசீவர் வாங்கி ஒட்டுக்கேட்பது | குற்றம் | உடனடி, ஆனால் அரைகுறை. மறைகுறியாக்கம் இருந்தால் ஒன்றும் வராது | கருவி மலிவு. வழக்கு, பறிமுதல் | கூடாது |
| அமெச்சூர் உரிமம் | முழு அனுமதி, அமெச்சூர் அலைவரிசையில் | பேரிடரில் உடனடி | கட்டணம் குறைவு. மாதக்கணக்கில் காத்திருப்பு, படிப்பு | நமக்கல்லாத செய்தியைக் கூடாது. தொழிலுக்கும் கூடாது |
| 446 வாக்கி டாக்கி | சான்றிதழ் இருந்தால் விலக்கு | குழுவுக்குள் உடனடி | போலி விளம்பரம், குறைந்த தூரம் | தடையில்லை |
| துறையோடு முறையான தொடர்பு | முழு அனுமதி | பதிவுபெற்ற குழுவுக்கு வேகம். நிருபருக்குத் தாமதம் | அலைச்சல், அதிகாரி மாற்றம் | வெளியிட்டதைச் சொல்லலாம் |
| பொது எச்சரிக்கை | முழு அனுமதி | சில நிமிடம் முதல் மணிக்கணக்கு | இலவசம். கோபுரம் நின்றால் நின்றுபோகும் | சொல்லத்தான் வேண்டும் |

## மூவருக்கும் என் பதில்

குடியாத்தத்து நண்பருக்கு: நான்காவது வழியை இந்த மாதமே தொடங்குங்கள். குழுவில் இரண்டு பேரை, முடிந்தால் ஒரு பெண்ணையும், அமெச்சூர் தேர்வுக்கு அனுப்புங்கள். உரிமம் வரும்வரை 446 செட்டுகள் நான்கு போதும். ஆற்றுக்கு இரு கரையிலும் இரண்டிரண்டு.

ராணிப்பேட்டை நிருபருக்கு: ஸ்கேனரை மறந்துவிடுங்கள். அதில் கேட்டு எழுதிய செய்தியை நீதிமன்றத்தில் உங்களால் ஒப்புக்கொள்ளவே முடியாது. ஒப்புக்கொள்ள முடியாத மூலம் நிருபருக்கு எதற்கு? காவல், தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனை என்று நான்கு இடத்திலும் நம்பகமான ஆட்களைப் பழகுங்கள். மாதம் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். தாமத வெளியீட்டுக் கொள்கை வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் வழியாகக் கோரிக்கை வையுங்கள். அந்தக் கோரிக்கைக்கு நானும் கையெழுத்திடுவேன்.

மாணவிக்கு: திட்டப்பணியின் தலைப்பை மாற்றிக்கொள்ளம்மா. கல்லூரி வழிகாட்டியிடம் பேசி, அமெச்சூர் சங்கத்துக்கான உரிமத்துக்குக் கல்லூரி விண்ணப்பிக்க முடியுமா என்று கேள். அதுவரை கடந்த ஆண்டுகளின் கேள்வித்தாள்களைப் படி. மோர்ஸ் பழக வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு வீட்டுக்கு வா. என்னிடம் மோர்ஸ் தட்டும் பழைய பித்தளைச் சாவி ஒன்று சும்மாதான் கிடக்கிறது.